செவ்வாயில் குடித்தனம்

மனிதன் செவ்வாய்க் கிரகத்துக்குக் குடிபோக முடியுமா என்று உலகத்து விஞ்ஞானிகள் எல்லாரும் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். செவ்வாய் மட்டும் யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் எவ்வளவோ காலத்துக்கு முன்பே நம் வீடுகளில் குடிவந்துவிட்டது! பெண் பிறந்து, ஜாதகம் கணித்து, ‘இரண்டில் இருக்கிறது’ அல்லது ‘ஏழில் இருக்கிறது’ என்று ஜோசியர் உதட்டைப் பிதுக்கிவிட்டால் போதும். இருபத்தைந்து வருஷத்துக்கு அந்த வீட்டில் அதுதான் பேச்சு. அரிசிக்குக் கல் பொறுக்கும்போதும் பேச்சு, அப்பளம் இடும்போதும் பேச்சு. கோடிக்கணக்கான மைலுக்கு அப்பால் சிவனே என்று சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு மண் உருண்டைக்குத் தமிழ்நாட்டுக் கல்யாணத் தரகர்களிடம் இருக்கும் செல்வாக்கு வேறு யாருக்கும் கிடையாது.

பதிலுக்கு நாமும் அதன் வீட்டுக்கு ஒரு முறை போய்வந்தோம். 2013-ஆம் வருஷம் நவம்பர் 5-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ‘மங்கள்யான்’ கிளம்பியது. அன்றைக்கு என்ன கிழமை தெரியுமா? செவ்வாய்க்கிழமை! ‘செவ்வாய் வெறுவாய்’ என்று நாம் ஒரு நல்ல காரியமும் தொடங்காத நாள். பகல் 2-38 மணிக்கு ராக்கெட் புறப்பட்டது. 3 மணிக்கு ராகு காலம். “இருபத்திரண்டு நிமிஷம் முந்திக்கொண்டார்களே, அதனால்தான் காரியம் ஜெயம்!” என்று எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் இன்றைக்கும் சாதிக்கிறார். கிரகங்களின் ஓட்டத்தைக் கணக்கிட்டு நேரம் குறித்தவர்கள் இதைக் கேட்டால் சிரித்துக்கொள்வார்கள்.

எனக்கு இந்த விஷயத்தில் இத்தனை அக்கறை வந்ததற்குக் காரணம் என் அண்ணன் மகள். பிளஸ் டூ படிக்கிறாள். ஜாதகத்தில் செவ்வாய் உண்டு. மனசிலும் செவ்வாய் உண்டு. முதலாவது அவள் அம்மாவின் கவலை. இரண்டாவது அவள் அப்பாவின் கவலை.

கருப்பு மண்ணும் சிவப்பு மண்ணும்

எங்கள் பூர்வீகம் சங்கரன்கோவில் பக்கத்தில் உள்ள குருவிகுளம். சென்னையில் பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறிப் படுத்தால் காலையில் சங்கரன்கோவில். அங்கிருந்து பஸ். கரிசல் பூமி. மழை பெய்தால் விதைப்பு, பெய்யாவிட்டால் வானத்தைப் பார்ப்பு. பருத்தி, உளுந்து, பாசிப்பயறு, மக்காச்சோளம் என்று எல்லாம் வானம் பார்த்தவைதான்.

சென்ற சித்திரையில் போயிருந்தேன். கரிசலைச் சித்திரையில் பார்க்காதவர்களுக்கு அதைச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். நிலம் முழுவதும் வெடித்துப் பாளம் பாளமாகக் கிடக்கும். சில வெடிப்புகளில் முழங்கை வரை கை நுழையும். ஆடு மேய்க்கிறவர்கள் குட்டிகளின் கால் மாட்டிக்கொள்ளாமல் பார்த்துப் பார்த்து ஓட்டுவார்கள். சாயங்காலம் வயல் வரப்பில் நடந்தபோது அண்ணன் மகள் ஓரிடத்தில் குனிந்து உட்கார்ந்தாள்.

“அத்தை, இதைப் பாத்தீங்களா? இதே மாதிரி அங்கயும் இருக்கு.”

“எங்கே? கோவில்பட்டியிலா?”

“செவ்வாய்ல!”

குழந்தை விளையாட்டாகச் சொல்கிறது என்று நினைத்தேன். இல்லை. அமெரிக்காவின் ‘கியூரியாசிட்டி’ என்னும் ஊர்தி 2012-இல் செவ்வாயில் ‘கேல்’ என்ற பெரும் பள்ளத்தில் இறங்கியது. கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து போகும்போது, சேறு காய்ந்து வெடித்துக் கல்லாகிப் போன தரையை அது கண்டது. 2021-இல் இன்னொரு இடத்தில் கண்ட வெடிப்புகள் அதைவிட விசேஷம். உள்ளங்கையில் அடங்கும் சிறு சிறு அறுகோணங்கள், தேன்கூடு மாதிரி. சேறு ஒரே ஒரு தடவை காய்ந்தால் வெடிப்புகள் ஆங்கில ‘டி’ எழுத்தைப்போல் சந்திக்குமாம். நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்து, மறுபடி காய்ந்தால்தான் அவை ‘ஒய்’ எழுத்தாக மாறித் தேன்கூடு பின்னுமாம். ஆக, முந்நூறு கோடி வருஷங்களுக்கும் முன்னால் செவ்வாயில் மழைக்காலமும் கோடைக்காலமும் போல ஏதோ ஒன்று மாறி மாறி வந்திருக்கிறது. ஏரி நிரம்பியிருக்கிறது, வற்றியிருக்கிறது, மறுபடியும் நிரம்பியிருக்கிறது.

இன்னொரு ஒற்றுமையும் உண்டு. கரிசல் மண் நனைந்தால் உப்புவதற்கும் காய்ந்தால் வெடிப்பதற்கும் அதிலுள்ள ஒருவகைக் களிமண் காரணம். அதே இனத்தைச் சேர்ந்த களிமண்ணைக் கேல் பள்ளத்துச் சேற்றுக்கல்லிலும் கியூரியாசிட்டி கண்டுபிடித்திருக்கிறது. குருவிகுளத்துக் கருப்பு மண்ணுக்கும் செவ்வாயின் சிவப்பு மண்ணுக்கும் இப்படி ஓர் ஒன்றுவிட்ட உறவு இருக்குமென்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

அப்படியானால் அங்கே குடிபோவதில் என்ன தடை? ஒரு காலத்தில் தண்ணீர் ஓடிய பூமிதானே?

முதலில் நல்ல சமாசாரங்கள்

எந்த வரனையும் விசாரிக்கும்போது முதலில் நல்லதைச் சொல்லுவதுதானே மரியாதை? செவ்வாயிலும் நல்லது உண்டு.

அங்கே ஒரு நாள் என்பது 24 மணி 39 நிமிஷம். காலையில் டிபன் கட்டி, குழந்தையை அனுப்பி, பஸ்ஸுக்கு ஓடும் சகோதரிகளே, தினம் முப்பத்தொன்பது நிமிஷம் இனாம்! வருஷமோ 687 நாள். முப்பத்து நாலு வயதாகும் எனக்கு அங்கே போனால் பதினெட்டுதான். ஈர்ப்பு விசை பூமியில் இருப்பதில் 38 சதவிகிதம். அறுபது கிலோ எடையுள்ளவர் அங்கே தராசில் நின்றால் இருபத்துமூன்று கிலோதான் காட்டும். பட்டினி கிடக்காமல், நடைப் பயிற்சி போகாமல், இளமையும் இளைப்பும் ஒருசேரக் கிடைக்கும் உலகம்!

நல்ல சமாசாரம் இத்துடன் முடிந்தது.

ஆச்சியின் கேள்விகள்

அன்றிரவு முற்றத்தில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்திருந்தோம். ஆச்சிக்கு எண்பது தாண்டிவிட்டது. பேத்தியின் மகள் செவ்வாயைப் பற்றிச் சளசளவென்று சொல்லிக்கொண்டே போக, ஆச்சி வெற்றிலையை இடித்துக்கொண்டே கேட்டாள்:

“ஏட்டி, அந்த ஊர்ல காத்து எப்படி?”

ஆச்சி கேட்டது தென்றல் வருமா என்று. விஞ்ஞானிகளுக்கும் அதுதான் முதல் கேள்வி. செவ்வாயில் காற்று உண்டு. ஆனால் பூமியின் காற்றழுத்தத்தில் நூற்றில் ஒரு பங்குகூடக் கிடையாது. அதிலும் 95 சதவிகிதம் கரியமில வாயு. அந்தக் கரியமில வாயுவிலிருந்தே பிராண வாயுவைப் பிரித்தெடுக்க முடியுமா என்று பார்த்திருக்கிறார்கள். 2021 பிப்ரவரியில் இறங்கிய ‘பெர்சிவரன்ஸ்’ ஊர்தியில் ‘மாக்ஸி’ என்ற சிறு கருவியை வைத்து அனுப்பினார்கள். 2023 வரையில் பதினாறு முறை அதை ஓட்டினார்கள். காரியம் வெற்றி! கிடைத்த பிராண வாயு மொத்தம் 122 கிராம். ஒரு மனிதர் ஒரு நாளைக்குச் சுவாசிக்கத் தேவை சுமார் 840 கிராம். இரண்டு வருஷத்துச் சம்பாத்தியம், ஒரு ஆளுக்கு மூன்றரை மணி நேரத்துச் செலவுக்குத்தான் ஆகும்! கருவி சின்னது, சோதனைக்காக அனுப்பியது என்பது நிஜம். பெரிதாகச் செய்தால் நிறையக் கிடைக்கும் என்பதும் நிஜம். ஆனாலும் மூச்சுக்கு மூச்சு மீட்டர் ஓடும் ஊரில் நிம்மதியாகக் கொட்டாவி விட முடியுமா என்று நான் யோசித்தேன்.

“தண்ணி?” என்றாள் ஆச்சி அடுத்து.

“இருக்கு ஆச்சி. மண்ணுக்குள்ள ஐஸா இருக்கு. தோண்டி உருக்கணும்.”

“உப்பா, நல்ல தண்ணியா?”

கரிசல்காட்டில் பிறந்தவர்கள்தான் இந்தக் கேள்வியைக் கேட்பார்கள். பட்டணத்தில் ‘தண்ணீர் இருக்கிறதா?’ என்பதோடு நிறுத்திக்கொள்வோம். கரிசலில் ஆழமாகத் தோண்டித் தண்ணீரும் வந்து, வாயில் வைத்ததும் துப்பிய அனுபவம் அநேகக் குடும்பங்களுக்கு உண்டு. ஆச்சியின் கேள்விக்குப் பதில் 2008-லேயே கிடைத்துவிட்டது. அவ்வருஷம் செவ்வாயின் வடபகுதியில் இறங்கிய ‘பீனிக்ஸ்’ விண்கலம் மண்ணைச் சுரண்டியபோது வெள்ளை வெளேரென்று பனிக்கட்டி தெரிந்தது. கூடவே மண்ணில் ‘பெர்குளோரேட்’ என்ற உப்பும் தெரிந்தது. நம் கழுத்திலிருக்கும் தைராய்டு சுரப்பியின் வேலையைக் கெடுக்கக்கூடிய உப்பு அது. எனவே தோண்டியெடுத்த பனிக்கட்டியை உருக்கினால் மட்டும் போதாது; சுத்தம் செய்ய வேண்டும். செய்ததை ஒரு சொட்டு விடாமல் திரும்பத் திரும்ப உபயோகிக்க வேண்டும். பூமியைச் சுற்றும் சர்வதேச விண்வெளி நிலையத்தில் இப்போதே அப்படித்தான். வியர்வை, மூச்சிலுள்ள ஈரம், சிறுநீர் எல்லாவற்றையும் சேர்த்து, 98 சதவிகிதத் தண்ணீரை மீட்டுவிடுகிறார்கள்.

“அய்யய்யே!” என்றாள் மதினி. ஆச்சி ஒன்றும் சொல்லவில்லை. தலையில் ஒன்று, இடுப்பில் ஒன்றாகக் குடம் சுமந்து எத்தனையோ கோடைகளைத் தாண்டியவளுக்குத் தண்ணீரைத் திரும்ப உபயோகிப்பது அவ்வளவு அருவருப்பாகப் படவில்லை போலும். குளித்த தண்ணீர் வாழைக்கு, அரிசி கழுவிய தண்ணீர் மாட்டுக்கு என்று அவள் வீட்டில் ஒழுங்கு வைத்திருந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

கடைசியில் ஆச்சி மண்ணைக் கேட்டாள். “என்ன வெளையும்?”

இதற்கு ஓரளவு நல்ல பதில் இருந்தது. 2025 ஜூன் மாதம் நம் விமானப்படை வீரர் சுபான்ஷு சுக்லா விண்வெளி நிலையத்துக்குப் போய்ப் பதினெட்டு நாள் தங்கினார். அங்கே அவர் முளைக்கவைத்துப் பார்த்தவை என்ன தெரியுமா? வெந்தயமும் பாசிப்பயறும்! இதைச் சொன்னதும் ஆச்சியின் முகத்தில் வந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே. “பாசிப்பயறு எங்கயும் பொழைச்சுக்கிடும்” என்று, சொந்தப் பிள்ளையைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

ஆனால் தட்டில் முளை கட்டுவது வேறு, மண்ணில் வெள்ளாமை எடுப்பது வேறு. மண் என்பது வெறும் பொடியாகிய கல் அல்ல. அதில் மட்கிய இலை இருக்க வேண்டும், புழு இருக்க வேண்டும், கண்ணுக்குத் தெரியாத ஜீவராசிகள் கோடிக்கணக்கில் இருக்க வேண்டும். கோடையில் ஆட்டுக்கிடை போட்டு நிலத்துக்கு உரமேற்றும் வழக்கத்தை நம் சம்சாரிகள் சும்மாவா வைத்திருக்கிறார்கள்? செவ்வாயின் மண்ணில் இதுவரை ஓர் ஆடும் இரவு தங்கியதில்லை.

வெயிலைப் பற்றி ஆச்சி கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதுதான் விபரீதம். செவ்வாயின் சராசரி வெப்பநிலை பூஜ்யத்துக்கும் கீழே அறுபது டிகிரி. வெயில் சுடாது. ஆனால் கண்ணுக்குத் தெரியாத கதிர்கள் விண்வெளியிலிருந்து சரமாரியாக வந்து விழும். பூமியைச் சுற்றிக் காந்தப் புலமும், தலைக்குமேல் அடர்த்தியான காற்றும் குடை பிடிக்கின்றன. செவ்வாய்க்கு இரண்டும் போய்விட்டன. இங்கே ஒரு வருஷத்தில் நம் உடம்பில் இயற்கையாகப் படும் கதிர்வீச்சு அங்கே ஏறக்குறைய நாலே நாளில் பட்டுவிடும். ஆகவே வீடு கட்டினால் மண்ணுக்குள்தான் கட்ட வேண்டும். அல்லது கூரைமேல் மண்ணைக் கொட்டி மூட வேண்டும். ஜன்னல், முற்றம், மொட்டை மாடி எல்லாவற்றுக்கும் ஒரு கும்பிடு.

தண்ணீர் ஓடிய பூமி இந்த நிலைக்கு வந்த கதையும் அதுதான். செவ்வாய் சின்னக் கிரகம். குறுக்களவு பூமியில் பாதி. உள்ளே இருந்த சூடு ஆறியதும் காந்தப் புலம் மறைந்தது. சூரியனிலிருந்து வீசும் மின்துகள்களின் காற்று, கிரகத்தின் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளிக்கொண்டு போயிற்று. காற்று போனதும் தண்ணீரும் போயிற்று. இதை ஆராய அமெரிக்கா அனுப்பிய ‘மேவன்’ கலம், நம் மங்கள்யான் போய்ச் சேர்ந்த அதே வாரத்தில்தான் அங்கே போய்ச் சேர்ந்தது.

நாற்பத்து நாலு நிமிஷம்

சரி, எல்லாக் கஷ்டத்தையும் சகித்துக்கொண்டு சிலர் அங்கே இருந்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். குடித்தனம் எப்படி நடக்கும்?

இதையும் ஒத்திகை பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்தில் ஒரு கொட்டகைக்குள் செவ்வாய் வீடு ஒன்றை அமைத்தார்கள். பரப்பளவு 1,700 சதுர அடி. இரண்டு பெண்கள், இரண்டு ஆண்கள். 2023 ஜூன் 25-ஆம் தேதி உள்ளே போனவர்கள் 2024 ஜூலை 6-ஆம் தேதிதான் வெளியே வந்தார்கள். 378 நாள்! தக்காளி வளர்த்தார்கள், மிளகாய் வளர்த்தார்கள், விண்வெளி உடை அணிந்து பக்கத்திலிருந்த சிவப்பு மணலில் நடந்தார்கள். வெளியுலகத்தோடு பேச வேண்டுமானால் செய்தி போய்ச் சேருவதற்கே இருபத்திரண்டு நிமிஷம் தாமதம். நிஜமான செவ்வாயிலும் அது தூரத்தில் இருக்கும்போது அவ்வளவுதான்; கிட்டத்தில் வரும்போது மூன்று நிமிஷம்.

கற்பனை செய்து பாருங்கள். அம்மா இங்கிருந்து “சாப்பிட்டாயாடி?” என்று கேட்கிறாள். “சாப்பிட்டேன் அம்மா” என்ற பதில் அவள் காதில் விழ நாற்பத்து நாலு நிமிஷம். “என்ன சாப்பிட்டாய்?” என்று கேட்பதற்குள் அடுத்த வேளைப் பசி வந்துவிடும்! உடம்புக்கு ஒன்று என்றால் ஓடிப்போய்ப் பார்க்கவும் முடியாது. பூமியும் செவ்வாயும் வசதியான நிலையில் அமைவது இருபத்தாறு மாதத்துக்கு ஒரு முறை. போக ஏழெட்டு மாதம். காத்திருந்து திரும்புவதையும் சேர்த்தால் மூன்று வருஷம்.

திரும்புவதே இல்லை என்று ஒரு திட்டமும் வந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ‘மார்ஸ் ஒன்’ என்ற ஒரு டச்சு நிறுவனம், போக மட்டும் டிக்கெட் என்று விளம்பரம் செய்தது. 2015-இல் நூறு பேரைப் பொறுக்கி எடுத்தார்கள். அவர்களில் மூவர் இந்தியர். மூவரில் இருவர் பெண்கள். 2019-இல் அந்த நிறுவனம் திவாலாயிற்று. ஒருவரும் எங்கும் போகவில்லை. இப்போது, பத்து லட்சம் பேர் வாழும் நகரத்தை அங்கே எழுப்ப வேண்டும் என்பது ஈலோன் மஸ்க்கின் ஆசை. அதற்காக அவர் கட்டும் ராக்கெட் பெரிதுதான். ஆனால் நகரம் என்பது ராக்கெட்டில் ஏற்றி இறக்கும் சாமானா?

மதினி ஒரு கேள்வி கேட்டாள். அன்றிரவு கேட்ட கேள்விகளிலேயே அதுதான் பெரிது என்பது என் அபிப்பிராயம். “அங்க போயி புள்ள பெத்துக்கிட முடியுமா?”

முற்றத்தில் ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. பூமியின் ஈர்ப்பில் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றே அதிகமுள்ள இடத்தில் இதுவரை ஒரு மனிதக் குழந்தையும் கருவானதில்லை, பிறந்ததில்லை, தவழ்ந்ததில்லை. எலும்பு எப்படி வளரும், இருதயம் எப்படி வளரும், அங்கே வளர்ந்த குழந்தை பூமிக்கு வந்தால் எழுந்து நிற்குமா என்று எந்த டாக்டரும் உறுதி சொல்ல முடியாது. தெரிந்துகொள்வதற்காகக் குழந்தையை வைத்துச் சோதனை செய்வதற்கும் எந்தத் தாய் சம்மதிப்பாள்?

போய் இறங்குவது வேறு. சில மாதம் தங்குவது வேறு. வாழ்வது முற்றிலும் வேறு. கொடி நட்டால் ஊர் ஆகிவிடாது. தொட்டில் ஆடினால்தான் ஊர். என் வாழ்நாளில் செவ்வாயில் மனிதக் காலடி படும் என்று நம்புகிறேன். ஆனால் அங்கே தொட்டில் ஆடும் காலம் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை என்பதுதான் என் தீர்மானம்.

அப்படியானால் எதற்காகப் போவது?

“அப்படின்னா எதுக்கு இத்தனை படிப்பு?” என்றார் அண்ணன். அதுவரை பேசாமல் இருந்தவர், பேச்சு வேறு திக்கில் போவது கண்டு சட்டென்று பிடித்துக்கொண்டார். விஷயம் இதுதான். பெண்ணுக்குத் திருவனந்தபுரத்தில் 2007-இல் தொடங்கிய விண்வெளிக் கல்லூரியில் சேர வேண்டும் என்று ஆசை. நுழைவுத் தேர்வு கடுமை. பயிற்சிக்குப் பணம் வேண்டும். மழை இரண்டு வருஷமாகச் சரியில்லை. “மனுசன் வாழ முடியாத எடத்தைப் பத்திப் படிச்சு என்ன ஆகப்போவுது? பக்கத்துக் காலேஜ்ல ஒரு டிகிரி வாங்கட்டும், போதும்” என்றார். அண்ணன் கல்நெஞ்சக்காரர் அல்ல. கடன்காரர், அவ்வளவுதான்.

பெண்ணின் முகம் வாடிவிட்டது. நான் பத்திரிகைக்காரி, எனக்குத் தெரிந்தது நாலு செய்தி சொல்வது. சொன்னேன்.

“அண்ணே, மங்கள்யான் திட்டத்தின் இயக்குநர் சுப்பையா அருணன் யார்? நம் திருநெல்வேலிச் சீமைக்காரர். அந்த ராக்கெட்டின் இரண்டாம் அடுக்கிலிருக்கும் ‘விகாஸ்’ இன எஞ்சின்களைச் சோதித்துப் பார்ப்பது எங்கே? நம்ம மகேந்திரகிரியில். கலத்தில் இருந்த எஞ்சினை முந்நூறு நாள் பற்றவைக்காமல் வைத்திருந்தார்கள். முந்நூறு நாள் அணைந்து கிடந்த அடுப்பு! 2014 செப்டம்பர் 22-ஆம் தேதி நாலு விநாடி மட்டும் ஏற்றிப் பார்த்தார்கள், எரிந்தது. 24-ஆம் தேதி காலையில் இருபத்து நாலு நிமிஷம் எரியவைத்துச் செவ்வாயின் பிடியில் கலத்தைச் சேர்த்தார்கள். ஆசியாவில் வேறு எந்த நாடும் அதற்கு முன் செய்யாத காரியம். செலவு 450 கோடி. ஆறு மாதம் உழைத்தால் போதும் என்று அனுப்பியது, 2022 ஏப்ரல் வரை ஏழரை வருஷத்துக்கும் மேல் உழைத்தது!”

“அதெல்லாம் ஆம்பளைங்க...” என்று இழுத்தார் அண்ணன்.

நல்ல வேளை, அதற்கும் பதில் இருந்தது. அன்றைக்குப் பட்டுச் சேலையும் பூவுமாகப் பெண்கள் கட்டிப்பிடித்துச் சிரிக்கும் படம் ஒன்று உலகப் பத்திரிகைகளில் எல்லாம் வந்ததே, நினைவிருக்கிறதா? அந்தப் படத்திலிருந்தவர்கள் அலுவலக நிர்வாகப் பிரிவைச் சேர்ந்தவர்கள் என்று பிற்பாடு இஸ்ரோ விளக்கியது. ஆனால் படத்தில் இல்லாத பெண்கள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ரிது கரிதாலும் நந்தினி ஹரிநாத்தும் அந்தத் திட்டத்தின் பொறுப்பான பதவிகளில் இருந்தவர்கள். இரண்டு பேரும் வீட்டில் குழந்தைகளை வைத்துக்கொண்டே வேலை பார்த்த தாய்மார்கள்.

“அவங்க எல்லாம் வடக்கே” என்றார் அண்ணன், கடைசிக் கோட்டையில் நின்றுகொண்டு.

“வடக்கு வேண்டாம். நான் வந்த ரயில் சங்கரன்கோவிலைத் தாண்டி எங்கே போகிறது? செங்கோட்டைக்கு. 2023 செப்டம்பரில் சூரியனை ஆராய ‘ஆதித்யா’ போயிற்றே, அதன் திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி. செங்கோட்டைப் பெண். இதே தென்காசி மாவட்டம். செங்கோட்டையில் பள்ளிக்கூடம், திருநெல்வேலியில் என்ஜினீயரிங். 1987-இல் இஸ்ரோவில் சேர்ந்தவர். சூரியனில் குடியிருக்கவா அவர் படித்தார்?”

அண்ணன் பதில் சொல்லவில்லை. மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

வாழ்வதற்கு இடம் தேடித்தான் செவ்வாயைப் படிக்க வேண்டும் என்பதில்லை. ஒரு குடும்பம் எப்படி நொடித்துப்போயிற்று என்று தெரிந்துகொண்டால் நம் குடும்பத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம். அதுபோல, ஏரியும் ஆறுமாக இருந்த ஒரு பூமி எப்படிக் காற்றையும் தண்ணீரையும் இழந்தது என்று தெரிந்துகொள்வது, இரண்டும் இன்னும் மிச்சமிருக்கும் பூமிக்காரர்களுக்கு அவசியமான படிப்பு. ‘பூமி பாழானால் செவ்வாய் இருக்கிறது’ என்று சிலர் சொல்கிறார்கள். எவ்வளவு பாழானாலும் பூமியின் மிக மோசமான பாலைவனத்தில்கூட மூச்சு விடக் காசு கேட்பதில்லை. செவ்வாயின் மிகச் சிறந்த இடத்தில் ஒரு மூச்சுகூட இனாமாகக் கிடைக்காது.

முடிவில் வழக்கைத் தீர்த்துவைத்தது நானல்ல, மதினி. இத்தனை விஞ்ஞானத்துக்கும் அசையாத அண்ணனை ஒரே வார்த்தையில் அசைத்துவிட்டாள்.

“ஏங்க, ஜோசியரு என்ன சொன்னாரு? செவ்வாய் இருக்கதால இருபத்தஞ்சு வரைக்கும் வரன் தகையாதுன்னுதான? அது வரைக்கும் புள்ள சும்மா இருந்து என்ன செய்யப் போறா? படிச்சிட்டுத்தான் போகட்டுமே!”

நாலு தலைமுறையாகப் பெண்களை வீட்டில் உட்காரவைத்த கிரகம், முதல் முறையாக ஒரு பெண்ணைப் படிக்க அனுப்பியது!

நான் சென்னைக்குத் திரும்பிச் சில மாதங்கள் ஆயின. பெண் இப்போது தினம் விடியற்காலை எழுந்து கணக்குப் போடுகிறாளாம். தேர்வில் தேறுவாளா என்பது இனிமேல்தான் தெரியும். ஐப்பசியில் அவளிடமிருந்து போன் வந்தது. குருவிகுளத்தில் நல்ல மழையாம். அண்ணன் பாசிப்பயறு விதைத்திருக்கிறாராம். “அத்தை, நம்ம அன்னைக்குப் பார்த்த வெடிப்பு எல்லாம் மூடிக்கிடுச்சு. எங்க இருந்துச்சுன்னே தெரியல” என்றாள்.

செவ்வாயில் அந்த அறுகோண வெடிப்புகள் முந்நூறு கோடி வருஷமாகத் திறந்தே கிடக்கின்றன. இங்கே ஒரு ராத்திரி மழையில் மூடிக்கொண்டுவிட்டன.